ஏழு வயசு வரைக்கும் எழுத்தே கிடையாதுன்னு சொல்ற பள்ளிக்கூடம்: இதுக்குப் பின்னாடி என்னதான் தத்துவம்?

வெட்டாத்தங்கரை

எல்லாருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கிராமம். பொண்ணுக்கு 4 வயசு 8 மாசம், வர்ற ஜூன்ல சேக்கணும். எங்க ஊர்லேந்து 14 கிலோமீட்டர்ல ஒரு புருஷன் பொண்டாட்டி சேந்து சின்னதா ஒரு ஸ்கூல் நடத்துறாங்க, நாப்பது புள்ளைங்க இருக்கும். போய்ப் பாத்தேன், எடம் அழகா இருந்துச்சு, புங்க மரம், கிணறு, ஒரு பசு கூட இருக்கு. ஆனா அவங்க சொன்னதக் கேட்டு தலை சுத்திருச்சு. 7 வயசு வரைக்கும் எழுத்து கிடையாதாம், பரிட்சை கிடையாது, புத்தகம் கிடையாது, ஒரே பாடத்த மூணு நாலு வாரம் தொடர்ந்து எடுப்பாங்களாம், ஆம்பளப் புள்ளைங்களும் ஸ்வெட்டர் பின்னுற மாதிரி நூல் பின்னணுமாம், வீட்ல டிவி மொபைல் காட்டக் கூடாதாம். "தலை, இதயம், கை மூணும் சேந்து வளரணும், இது முழுமைக் கல்வி"ன்னு அந்த அம்மா சொன்னாங்க. ஃபீஸ் வருஷம் 38,000.

எங்க மாமனார் ரிட்டயர்டு வி.ஏ.ஓ. அவர் ஒரே வார்த்தைல முடிச்சிட்டார், "எழுத்து சொல்லித் தராததுக்கு எதுக்கும்மா காசு, அத நம்ம வீட்லயே சும்மா சொல்லித் தராம இருக்கலாமே"ன்னு. சிரிப்பு வந்தாலும் எனக்கு பதில் சொல்லத் தெரியல. விஜயதசமி அன்னிக்கு அவர் மடியில உக்காந்து நெல்லுல 'அ' எழுதின பொண்ணு அது. இப்ப தானாவே பஸ் போர்டு எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சிருக்கா, அத நிறுத்தச் சொல்வாங்களா?

நான் கேக்குறது ஃபீஸ் அதிகமா கம்மியாங்கறது இல்ல. உண்மையிலேயே இதுக்குப் பின்னாடி யாராவது உக்காந்து யோசிச்ச சிந்தனை இருக்கா, இல்ல வசதியானவங்களுக்குப் பண்ற வியாபாரமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கரும்பலகை

நான் திருவாரூர் மாவட்டத்துல அரசு தொடக்கப்பள்ளி ஆசிரியை, 19 வருஷ சர்வீஸ். சிந்தனை நிச்சயமா இருக்கும்மா, நீங்க சொல்ற அடையாளம் எல்லாத்தையும் வெச்சுப் பாத்தா அது ஸ்டைனர் வழி, வால்டார்ஃப்னும் சொல்வாங்க. 1919ல ஜெர்மனி ஸ்டுட்கார்ட்ல, முதல் உலகப் போர் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சது. வால்டார்ஃப் அஸ்டோரியாங்கற சிகரெட் கம்பெனி முதலாளி தன்னோட தொழிலாளிங்க புள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேணும்னு ரூடால்ஃப் ஸ்டைனரக் கேட்டார், அவர் நடத்திக் குடுத்தார். ஆக இன்னைக்கு 38,000 வாங்குற சமாச்சாரம் அன்னிக்கு சிகரெட் சுருட்டுற தொழிலாளி புள்ளைக்காகத் தொடங்கினது, இத உங்க மாமனார்ட்ட சொல்லுங்க.

ஸ்டைனர் கணக்குல புள்ளை ஏழேழு வருஷமா வளருது. முதல் ஏழுல அது கையாலயும் உடம்பாலயும் பாத்துச் செஞ்சு கத்துக்கும், அதனால நல்ல பெரியவங்க பக்கத்துல இருந்து வேலை செஞ்சாலே போதும், புத்திமதியும் பாடமும் வேணாம். அடுத்த ஏழுல மனசு, கற்பனை, அதனால எல்லாப் பாடமும் கதையாவும் படமாவும் பாட்டாவும் வரணும். பதினாலுக்கு மேலதான் தர்க்கம், ஏன் எதுக்குங்கற கேள்வி. பால்பல் விழுற வயசுதான் எழுத்துக்கு வயசுன்னு சொன்னார், அதுக்கு அவர் குடுத்த காரணம் என்னன்னா உடம்பக் கட்டிக்கிட்டிருந்த உயிர்ச் சக்தி அப்பத்தான் வேலை முடிஞ்சு நினைவாற்றலுக்கு வருதாம். இது அவரோட ஆன்மீக நம்பிக்கை, மருத்துவம் கிடையாது, அதத் தெளிவா பிரிச்சுப் பாக்கணும். மனுஷ இனங்களப் பத்தி அவர் பேசினதுல இன்னைக்கு ஏத்துக்கவே முடியாததும் இருக்கு. புள்ளைங்கள நாலு குணமா பிரிச்சு உக்கார வெக்கிறதும் உண்டு, நம்ம வாத பித்த கபம் மாதிரி ஒண்ணு.

ஆனா நடைமுறைல சிலது ஒரு டீச்சரா எனக்குப் பொறாமையா இருக்கும். ஒண்ணாவதுலேந்து எட்டாவது வரைக்கும் ஒரே டீச்சர் கூடவே வருவாங்க. புத்தகத்துக்குப் பதிலா புள்ளைங்களே பாத்ததையும் கேட்டதையும் எழுதி வரைஞ்சு தன்னோட பாட நோட்ட உருவாக்குவாங்க. காலைல ரெண்டு மணி நேரம் ஒரே பாடம், மணி அடிச்சு அறுக்க மாட்டாங்க. எங்க ஸ்கூல்ல பின்னத்த புள்ளை புரிஞ்சுக்கப் போற நிமிஷத்துல பெல் அடிக்கும், அந்த வயித்தெரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, மாற்றுக் கல்வின்னா எல்லாம் ஒண்ணு இல்ல. மாண்டிசோரி அம்மா இதுக்கு நேர் எதிரா 4 வயசுலயே உப்புத்தாள்ல வெட்டின எழுத்த விரலால தடவச் சொல்வாங்க. 1907ல ரோம்ல ஏழைக் குடியிருப்புல தொடங்கி, 1939ல அடையாறு பிரம்ம ஞான சபைக்கு வந்து, ரெண்டாம் உலகப் போர்ல இத்தாலிக்காரங்கன்னு ஊருக்குத் திரும்ப முடியாம கொடைக்கானல்லயும் தங்கி, இங்க ஆயிரம் பேருக்கு மேல டீச்சர் ட்ரெயினிங் குடுத்தவங்க. புள்ளை ஒரு வேலைய தானா திரும்பத் திரும்ப செய்யுதுன்னா அத யாரும் தொந்தரவு பண்ணாதீங்கங்கறதுதான் அவங்களோட அடிப்படை. உங்க பொண்ணு பஸ் போர்டு படிக்கிறத மாண்டிசோரி டீச்சர் பாத்தா கொண்டாடுவாங்க, ஸ்டைனர் டீச்சர் பேச்ச மாத்துவாங்க. இன்னொண்ணு, ஸ்டைனர் முறைல எழுத்து படத்துலேந்து பொறக்கணும், மலைய வரைஞ்சு அதுலேந்து 'எம்' எடுப்பாங்க. நம்ம 'ழ'வுக்கு என்ன படம் வரைவீங்கன்னு கேட்டுப் பாருங்க, யோசிச்சு வெச்சிருந்தாங்கன்னா நல்ல ஸ்கூல்.

குறுவை_78

டீச்சர் சொன்னது சரி. நம்ம நாத்தங்கால் கதைதான. வயசுக்கு முன்னாடி பறிச்சா வேர் அறும். புள்ளைக்கும் அதே. அவசரப்படாதீங்க.

நடவாள்_மகன்

கரும்பலகை டீச்சர், நல்லா எழுதிருக்கீங்க, மரியாதையோட கொஞ்சம் மாறுபடுறேன்.

எங்கம்மா நடவாள். மன்னார்குடி பக்கம். எனக்கு முன்னாடி எங்க குடும்பத்துல கையெழுத்துப் போட்டவங்க யாரும் கிடையாது, நான் இப்ப திருச்சில ஐ.டி. கம்பெனில இருக்கேன், என் பையனுக்கு 6 வயசு. போன வருஷம் இதே மாதிரி ஒரு ஸ்கூலுக்கு நானும் போனேன். புள்ளைங்கள சேத்துல இறக்கி நாத்து நடச் சொல்லி போட்டோ எடுத்துட்டிருந்தாங்க, "கையால கத்துக்கறாங்க சார், மண்ணோட தொடர்பு"ன்னு சொன்னாங்க. எனக்கு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. எங்கம்மாவுக்கு மண்ணோட இருந்த தொடர்பு கால் விரல் இடுக்குல சேத்துப்புண்ணு, அத விட்டு என்னை வெளிய கொண்டு வரத்தான் அந்தம்மா அத்தன வருஷம் குனிஞ்சாங்க. இப்ப நான் ஃபீஸ் கட்டி என் புள்ளைய திரும்ப இறக்கணுமா?

கை வேலை, தொழில் மூலமா கல்வின்னு யாராவது பேசினா இந்த ஊர்ல பயப்பட எங்களுக்குக் காரணம் இருக்கு. 1953ல ராஜாஜி கொண்டு வந்தாரே, பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் வீட்ல அப்பன் தொழில்னு. குலக்கல்வின்னு பேர் வாங்கி, பெரியார் தெருவுல இறங்கி, 1954ல அவர் பதவிய விட்டுப் போனதும் காமராஜர் அதத் தூக்கிப் போட்டார். அது நீடிச்சிருந்தா நான் இந்த நிமிஷம் கீபோர்டு முன்னாடி இல்ல. அப்பறம் திண்ணைப் பள்ளிக்கூடத்தப் பத்தி உருகிப் பேசுறவங்க நிறைய, மணல்ல எழுதினாங்க, மனக்கணக்கு, மாகாணி, முந்திரின்னு பின்னக் கணக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்கன்னு. உண்மைதான். அந்தத் திண்ணையில எங்க தாத்தாவ ஏற விட்டாங்களா? ஏறினவன கோதண்டம்னு கயித்துல தொங்க விட்டு தண்டிச்சதும் அதே திண்ணைதான்.

எழுத்து எங்களுக்கு ஏழு வயசு வரைக்கும் காத்திருக்கிற அலங்காரப் பொருள் இல்ல. வீட்ல அலமாரி நிறைய புத்தகம் இருக்குற புள்ளை 8 வயசுல படிக்க ஆரம்பிச்சாலும் புடிச்சிக்கும். புத்தகமே இல்லாத வீட்டுப் புள்ளைக்கு பள்ளிக்கூடத்துல குடுக்கலன்னா வேற எங்க கிடைக்கும்? தத்துவத்த எழுதினவங்க யார் வீட்டுப் புள்ளைய மனசுல வெச்சு எழுதினாங்கன்னு பாத்துட்டு அப்பறம் முடிவு பண்ணுங்க அக்கா.

கரும்பலகை

தம்பி, நீங்க சொன்னதுல முக்கால்வாசி எனக்கு சம்மதம், ஒரு இடத்துல மட்டும் பிரிச்சுப் பாக்கணும். ராஜாஜி திட்டம் புள்ளைய அப்பன் தொழிலுக்கே திருப்பி அனுப்புச்சு. காந்தி 1937ல வார்தாவுல சொன்ன ஆதாரக் கல்வி காகிதத்துல வேற மாதிரி, எந்த வீட்டுப் புள்ளையா இருந்தாலும் ராட்டையோ தச்சோ தோட்டமோ ஒரு தொழில எடுத்து அது வழியா கணக்கும் அறிவியலும் தாய்மொழில கத்துக்கணும். அதாவது கைல அழுக்கே படாத வீட்டுப் புள்ளையும் நூத்தாகணும். கை வேலை கேவலம்ங்கற நெனப்ப ஒடைக்கத்தான் அது. ஆனா சுதந்திரத்துக்கு அப்பறம் நடந்தது என்ன, வசதியானவங்க புள்ளைங்க இங்கிலீஷ் மீடியம் போனாங்க, ராட்டை கிராமத்து ஏழைப் புள்ளைக்குன்னு ஆச்சு. நீங்க கோவப்படுற இடம் அதுதான், அது நியாயம்.

இன்னொரு கதையும் சொல்லணும், ஏன்னா அரசுப் பள்ளில இதெல்லாம் நடக்கவே இல்லன்னு நெனைக்காதீங்க. செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கா? ஆந்திராவுல ரிஷி வேலி, ஜே. கிருஷ்ணமூர்த்தி வழிப் பள்ளி, அவங்க பக்கத்து கிராமத்துப் புள்ளைங்களுக்காக உருவாக்கின கார்டு முறைய 2003ல சென்னை மாநகராட்சி பள்ளிகள்ல எடுத்தாங்க, 2007 வாக்குல தமிழ்நாடு முழுக்க ஒண்ணுலேந்து நாலாவது வரைக்கும் வந்துச்சு. பாய விரிச்சு வட்டமா உக்காந்து, சுவத்துல அடியில புள்ளை கைக்கு எட்டுற உயரத்துல கரும்பலகை, பாடத்த படிப்படியா காட்டுற ஏணிப்படி, அட்டை. ஒவ்வொரு புள்ளையும் தன் வேகத்துல. முதல் வருஷம் எனக்கு வேலைல சேந்ததுலேந்து பாக்காத சந்தோஷம், பேசவே பேசாத புள்ளை என் கைய இழுத்து "டீச்சர் அடுத்த அட்டை"ன்னுச்சு. அப்பறம் என்ன ஆச்சு, அதிகாரி வந்தா "எத்தனை புள்ளை எத்தனாவது படியில இருக்கு"ன்னு ரெஜிஸ்டர் கேட்டார். நாங்களும் படிய ஏத்த ஆரம்பிச்சோம், புள்ளை ஏறுச்சாங்கறது ரெண்டாவது விஷயமாச்சு. எந்தத் தத்துவமா இருந்தாலும் ரெஜிஸ்டருக்குள்ள போனா அதோட கதி இதுதான்.

கும்பகோணம்_டிகிரி

நான் கொஞ்சம் அனுபவத்துல பேசுறேன், நீளமா போகும் மன்னிக்கவும். என் பையன் ஒரு பெரிய நகரத்துல இதே முறை ஸ்கூல்ல அஞ்சு வருஷம் படிச்சான், ஊர் பேர் ஸ்கூல் பேர் வேணாம். அப்பறம் வேலைய விட்டுட்டு கும்பகோணம் திரும்பி வந்து அவன சாதாரண ஸ்கூல்ல அஞ்சாவது சேத்தோம்.

முதல்ல நல்லது. அவன் ஒரு விஷயத்த எடுத்தா விட மாட்டான். தேனீ பாடம் நடந்த மூணு வாரமும் வீட்ல தேனீயத் தவிர வேற பேச்சு கிடையாது, மெழுகுல அறுகோணம் செஞ்சு ஏன் வட்டம் இல்லன்னு என்ன கேட்டான், எனக்கு பதில் தெரியாம தேடிப் படிச்சேன். பரிட்சை பயம் இன்னைக்கு வரைக்கும் கிடையாது. புது ஸ்கூல்ல முதல் மாசம் வாத்தியார்ட்ட எழுந்து "எனக்கு இது புரியல, வேற மாதிரி சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கான், மொத்த க்ளாஸும் திரும்பிப் பாத்துச்சாம்.

இப்ப கெட்டது. எட்டு வயசுலயும் அவனுக்கு வாசிப்பு வரல. டீச்சர் "அவன் நேரம் வரும், காத்திருங்க"ன்னாங்க. நாங்களும் பெருமையா காத்திருந்தோம், சொந்தக்காரங்க கேட்டா அவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு நெனச்சோம். ஒன்பதரை வயசுல இங்க ஒரு டாக்டர் பாத்துட்டு டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்புக் குறைபாடுன்னார். ஒண்ணரை வருஷம் வீணாப் போச்சு. எல்லாப் புள்ளையும் ஏழுக்கு மேல படிக்கும்னு வெச்சுக்கிட்டா, யாருக்கு நேரம் ஆகலை, யாருக்கு உதவி தேவைன்னு எப்படி பிரிப்பீங்க? அந்தக் கேள்விக்கு அந்த ஸ்கூல்ட்ட பதில் இல்ல. கெட்டவங்க இல்ல அவங்க, அன்பானவங்க, அதான் பிரச்சனையே, சண்டை போடவும் மனசு வரல.

லேட்டா ஆரம்பிக்கிறது தப்புன்னு நான் சொல்லல. நியூசிலாந்துல ஒரு ஆய்வு, 5 வயசுல படிக்க ஆரம்பிச்ச புள்ளைங்களையும் 7 வயசுல ஆரம்பிச்ச ஸ்டைனர் புள்ளைங்களையும் வெச்சுப் பாத்து, 11 வயசு வாக்குல வாசிப்புல வித்தியாசம் இல்லன்னு சொல்லிச்சு. ஃபின்லாந்துலயும் 7 வயசுலதான் பள்ளிக்கூடம். ஆனா அதெல்லாம் வேற மொழி, வேற வீடு. இங்கிலீஷ்ல ஒரே எழுத்து பத்து விதமா ஒலிக்கும். நம்ம தமிழ்ல 247 எழுத்துன்னு பயமுறுத்தினாலும் 12 உயிர், 18 மெய், அந்தக் கொம்பும் காலும் புடிபட்டா புள்ளை எதையும் எழுத்துக்கூட்டிரும். வெட்டாத்தங்கரை பொண்ணு அஞ்சு வயசுக்குள்ள பஸ் போர்டு படிக்கிறதே அதனாலதான். அத தடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியல.

குறுவை_78 அண்ணே, கோச்சுக்காதீங்க, உங்க நாத்துக் கணக்க முழுசா சொல்லுங்க. குறுவை நாத்து 20, 25 நாளத் தாண்டி நாத்தங்கால்லயே கெடந்தா என்ன ஆகும்? முத்திப் போய் தூர் வெடிக்காது. வயசுக்கு முன்ன பறிச்சா மட்டுமா நஷ்டம்?

குறுவை_78

வாஸ்தவம். அதோட சம்பா நாத்து 30 நாள் தாங்கும், குறுவை தாங்காது, ரகத்துக்கு ரகம் வேற. ஒத்த நாத்து நடவுக்காரன் 14 நாள்லயே புடுங்கி நட்டு நல்லா எடுக்குறான். நான் பாதியிலயே நிறுத்திட்டேன் தம்பி.

நடவாள்_மகன்

புள்ளைய பயிர்னு சொல்றதே கிண்டர்கார்டன் ஆரம்பிச்ச ஃப்ரோபெல் காலத்து உவமை, பேரே குழந்தைகள் தோட்டம்னுதான் அர்த்தம், 1840. பயிருக்கு எங்க போய் வளரணும்னு ஆசை கிடையாது, புள்ளைக்கு இருக்கு. சரி, சண்டைய விடுறேன் 🙂

அக்கரைப்பேட்டை

நான் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். அந்த ஸ்கூல் கூரை என்ன? இந்த மாதிரி எடங்கள்ல "இயற்கையோட"ன்னு கீத்துக் கொட்டகை போட்டிருப்பாங்க. 2004 ஜூலை 16 கும்பகோணத்துல பள்ளிக்கூடத் தீயில 94 புள்ளைங்க போனதப் பாத்த டெல்டாக்காரங்க நாம. ரெண்டு வாசல் இருக்கா, சமையல் எங்க நடக்குதுன்னு பாத்துட்டு அப்பறம் தத்துவம் பேசுங்க.

கரும்பலகை

அக்கரைப்பேட்டை சொன்னத முதல் வேலையா பாருங்கம்மா. கூடவே அங்கீகாரம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009 படி அங்கீகாரம் இல்லாம ஸ்கூல் நடத்தக் கூடாது, இல்லன்னா நாளைக்கு டி.சி., எமிஸ் நம்பர் (அரசோட மாணவர் பதிவு எண்) எல்லாம் இழுபறி. அதே சட்டம் வயசுக்கு ஏத்த வகுப்புல அரசு, அரசு உதவி பெறும் பள்ளிங்க சேத்துக்கணும்னும் சொல்லுது, அதனால நடுவுல மாறணும்னா வழி இருக்கு. பெரிய வகுப்பு வந்தா என்.ஐ.ஓ.எஸ்.ங்கற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியா பத்தாவது எழுத வெப்பாங்களான்னும் கேளுங்க, அதுக்கு 14 வயசு முடிஞ்சிருக்கணும். இன்னொரு கணக்கு யாரும் சொல்ல மாட்டாங்க, பொதுவா 6லேந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளில படிச்சாத்தான் மருத்துவத்துல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இப்ப 5 வயசு புள்ளைக்கு இது ரொம்ப தூரம்தான், ஆனா ஆறாவதுல திரும்ப ஒருதடவ முடிவு எடுக்கணும்னு மனசுல வெச்சுக்கோங்க.

அப்பறம் ஒரு நாள் முழுக்க அங்க போய் உக்காருங்க. டீச்சர் சொல்றதக் கேக்காதீங்க, புள்ளை தப்பு பண்றப்ப அவங்க முகத்தப் பாருங்க. எனக்கு ஒரு ஸ்கூலப் புரிஞ்சுக்க அது போதும்.

வெட்டாத்தங்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பதில் போட லேட்டாயிருச்சு. சனிக்கிழமை போனோம், மாமனாரையும் இழுத்துட்டுப் போனேன், நான் வரல நான் வரலன்னு சொல்லிட்டே சட்டைய மாட்டினார்.

கூரை ஓடு, வாசல் மூணு, அடுப்படி தனியா தள்ளி. அங்கீகாரம் அஞ்சாவது வரைக்கும் இருக்குன்னாங்க, நகல் கேட்டிருக்கேன், இன்னும் தரல. கும்பகோணம் அண்ணன் சொன்னத அப்படியே கேட்டேன், எட்டு வயசுல படிக்க வராத புள்ளைய எப்படி கண்டுபுடிப்பீங்கன்னு. அந்த அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க, அப்பறம் "நாங்களும் ஒரு புள்ளை விஷயத்துல தப்பு பண்ணிருக்கோம், இப்ப ஆறு வயசுலேந்தே ஒலி பிரிச்சுச் சொல்லத் தெரியுதா, பாட்டுல எதுகை புடிபடுதான்னு கவனிக்கிறோம்"ன்னாங்க. எல்லாம் சூப்பரா நடக்குதுன்னு சொல்லியிருந்தா அப்பவே கிளம்பியிருப்பேன். பஸ் போர்டு விஷயம் கேட்டதுக்கு "தானா படிச்சா தடுக்க மாட்டோம், நாங்களா உக்கார வெச்சு எழுத வெக்க மாட்டோம்"னு பதில். 'ழ'வுக்குப் படம் கேட்டேன் டீச்சர், சிரிச்சுட்டாங்க, இல்லையாம்.

நடவாள்_மகன் தம்பி, உங்க பதிவ நாலு தடவ படிச்சேன். எங்க வீட்லயும் ஒரு தலைமுறைக்கு முன்ன வேற ஆளுங்கதான் நடவு நட்டாங்க, நாங்க வரப்புல நின்னோம். அத ஒத்துக்கணும். அங்க நாப்பது புள்ளைல அந்த ஊர் நடவாளுங்க தெருவுலேந்து எத்தனைன்னு கேட்டேன், ஏழு பேராம், ஃபீஸ் இல்லாம. அந்த ஏழு பேரும் மத்தவங்களோட சேந்துதான் தோட்டத்துல தண்ணி ஊத்துதா, இல்ல பிரிஞ்சு உக்காருதான்னு பாத்தேன், சேந்துதான் இருந்துச்சு. ஒரு நாள் பாத்தது, அதுக்கு மேல சொல்லத் தெரியல.

மாமனார் கதை தனி. கொஞ்சம் பெரிய புள்ளைங்க நெல்ல வெச்சு அளவை பாடம் பண்ணிட்டிருந்துச்சு, பாடம் எடுத்த டீச்சர் கலத்துக்குப் பத்து மரக்கால்னு சொல்லிட்டாங்க. இவர் வாசல்லேந்தே "பன்னண்டு!"ன்னு கத்திட்டார். அப்பறம் உள்ள போய் உக்காந்தவர், மரக்காலுக்கு எத்தன படிங்கறது ஊருக்கு ஊர் எப்படி மாறும், குத்தகை அளக்குற களத்துல எதுல ஏமாத்துவாங்க, குவிச்சு அளக்குறது தலை தட்டி அளக்குறதுன்னு முக்கா மணி நேரம் பாடம் எடுத்தார். ஒரு பையன் "ஏமாத்தினா ஆளுங்க சும்மா இருப்பாங்களா தாத்தா"ன்னு கேட்டான். இவருக்கு பதில் வரல. வண்டில வர்றப்ப ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இன்னும் சேக்கல. ஃபீஸ் பாதி இப்ப பாதி தீபாவளிக்குன்னு கேட்டிருக்கேன். நேத்து பரண்ல ஏறி பழைய மரக்காலத் தேடிட்டிருந்தார், 74 வயசு, கீழ நின்னு ஏணியப் புடிச்சுக்கிட்டு "எதுக்கு மாமா"ன்னு கேட்டா "அவங்கட்ட இருக்குறது பிளாஸ்டிக்கும்மா"ங்கறார்.

அந்த அங்கீகார நகல அவங்க தரலன்னா மாவட்டக் கல்வி அலுவலகத்துல நாமளே கேட்டு வாங்கலாமா டீச்சர்?

கரும்பலகை

வாங்கலாம். ஆர்.டி.ஐ.ல, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல, பத்து ரூபா கட்டி எழுதிக் குடுங்க, ஸ்கூல் பேர், ஒன்றியம், எந்த வகுப்பு வரைக்கும் அங்கீகாரம், எந்தத் தேதி வரைக்கும் செல்லும், இந்த நாலும் கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும். ஏப்ரலுக்குள்ள போட்டுருங்க.